வசனத்துக்கு முகம் வரைந்த ஓவியர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனைக்குச் செல்லும் மின்சார ரயிலில், எதிர் இருக்கையில் ஒருவர் ஒரு புத்தகத்தை விரித்து வைத்திருக்கிறார். அவர் எந்த மொழிக்காரர் என்று நமக்குத் தெரியாது. அந்த எழுத்துகளை வாசிக்கவும் தெரியாது. ஆயினும் பக்கத்தை இரண்டாகப் பிரிக்கும் பத்திகளையும், சிறிய எண்களையும், கறுப்பு அட்டையையும் கண்டவுடனே அது வேதாகமம் என்று அறிந்துகொள்கிறோம். வாசிக்கப்படுவதற்கு முன்பே ஒரு புத்தகம் தான் இன்னதென்று அறிவித்துவிடுகிறது. அவ்வாறு அறிவிக்கச் செய்வது ஒரு தனிக் கலை. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் கலையில் தேர்ந்திருந்த ஓர் ஓவியரைக் குறித்து வாசகர்கள் அறிந்துகொள்வது நலம்.

லூக்காஸ் கிரானாக் ஜெர்மனியிலுள்ள கிரோனாக் என்னும் ஊரில் 1472-ஆம் ஆண்டளவில் பிறந்தார். 1505-இல் சாக்சனி நாட்டுப் பிரபு பிரெடரிக்கின் அரண்மனை ஓவியராக விட்டன்பர்க் நகருக்கு வந்தார். 1508-இல் பிரபு அவருக்குச் சிறகுள்ள சர்ப்பத்தைச் சின்னமாக வழங்கினார். அது முதல் அவருடைய பட்டறையிலிருந்து வெளிவந்த படங்களில் அந்தச் சின்னம் கையொப்பமாக நின்றது. ஓவியராயிருந்ததோடு மருந்துக்கடையும் நடத்தினார், திராட்சரசம் விற்றார், பிற்காலத்தில் நகரத் தலைவராகவும் இருந்தார். இத்தனை வேலைகளுக்கு நடுவே எப்போது வரைந்தார் என்று வியக்கத்தான் தோன்றுகிறது.

அவர் செய்த முதல் பெரிய அச்சு வேலைகளில் ஒன்று நம் வாசகர்களைத் திடுக்கிடச் செய்யும். பிரெடரிக் பிரபு பரிசுத்தவான்களுடைய எலும்புகள் முதலான ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நினைவுப் பொருட்களைச் சேர்த்து வைத்திருந்தார். அவற்றைத் தரிசிப்பவர்களுக்குப் பாவத்தண்டனை குறையும் என்று அக்காலச் சபை அறிவித்திருந்தது. அந்தப் பொருட்கள் வைக்கப்பட்டிருந்த பேழைகளை நூற்றுக்கும் மேற்பட்ட மரச்செதுக்குப் படங்களில் காட்டும் ஒரு விவரப் புத்தகம் 1509-இல் வெளிவந்தது. அதற்குப் படம் வரைந்தவர் கிரானாக்கே. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஜெர்மானிய மொழிப் புதிய ஏற்பாட்டை உருவாக்கியதும் அதே கைதான்.

இடையில் நடந்ததை நாம் அறிவோம். 1517-இல் மார்ட்டின் லூதர் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனைக்கு எதிராகத் தம் 95 கருத்துகளை வெளியிட்டார். ஆனால் அந்நாளில் விட்டன்பர்க் சிறிய ஊர். அங்கிருந்த அச்சகத்தின் வேலை மிகவும் மட்டமாயிருந்ததை எண்ணி லூதரே மனம் நொந்தார். 1519-இல் லைப்சிக் நகரின் அச்சுக் குடும்பத்தைச் சேர்ந்த இளைய மெல்கியோர் லோட்டர் விட்டன்பர்க்குக்கு வந்து, கிரானாக்கின் வீட்டிலேயே அச்சகத்தை அமைத்தார். ஓவியரும் அச்சுக்கோப்பவரும் ஒரே கூரையின் கீழ் வந்தார்கள்.

இதன் பலன் முதலில் தெரிந்தது லூதருடைய சிறு நூல்களில். நாம் இன்று கைப்பிரதி என்று சொல்லும் வகையைச் சேர்ந்தவை அவை. முன்பு அவற்றின் முகப்பில் தலைப்பு வார்த்தைகள் இடைவெளியின்றி நெருக்கப்பட்டிருந்தன. கிரானாக்கின் பட்டறையோ தூண்களும் கொடிகளும் தேவதூதர்களும் மிருகங்களும் சூழ்ந்த சட்டங்களை ஒரே மரக்கட்டையில் செதுக்கி, நடுவில் இடம் வெறுமையாக விட்டது. அந்த இடத்தில் எந்தத் தலைப்பையும் கோத்துக்கொள்ளலாம். தலைப்பு மேலே, லூதருடைய பெயர் தனி வரியில், விட்டன்பர்க் என்ற ஊர்ப்பெயர் அதற்குக் கீழே. சந்தையில் தொலைவிலிருந்து பார்ப்பவனும் இது லூதருடைய புத்தகம் என்று கண்டுகொண்டான். ஒரே சட்டம் பல நூல்களுக்கு உதவியதால் செலவும் குறைந்தது. இன்று ஒரு மாத இதழ் தன் முகப்பை மாதந்தோறும் ஒரே சாயலில் வைத்திருப்பதன் நோக்கமும் இதுவே.

மரச்செதுக்குப் படத்தின் முறையையும் இங்கே சொல்ல வேண்டும். வழுவழுப்பான மரப்பலகையில் படத்தை இடவலம் மாற்றி வரைவார்கள். செதுக்குபவர் கோடுகளை மட்டும் மேடாக நிறுத்திவிட்டு மற்ற மரத்தைக் களைந்துவிடுவார். பலகையின் உயரமும் ஈய எழுத்தின் உயரமும் ஒன்றாயிருந்தால், படமும் வசனமும் ஒரே அழுத்தத்தில் தாளில் பதியும். ஆகையால்தான் படமும் எழுத்தும் ஒரே பக்கத்தில் நெருங்கிக் குடியிருக்க முடிந்தது.

லூதர் வார்ட்பர்க் கோட்டையில் ஒளிந்திருந்தபோது சுமார் பதினொரு வாரங்களில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1522 செப்டம்பரில் வெளிவந்தது. பதிப்புச் செலவை ஏற்றவர்கள் கிரானாக்கும் கிறிஸ்டியான் டோரிங் என்னும் பொற்கொல்லரும். அச்சிட்டவர் லோட்டர். முகப்பில் மொழிபெயர்த்தவர் பெயரும் இல்லை, அச்சிட்டவர் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. நூலின் பெயரும் ஊரின் பெயரும் மாத்திரம் இருந்தன. உள்ளே லத்தீன் நூல்களுக்குரிய மெல்லிய எழுத்தை விடுத்து, ஷ்வாபாகர் எனப்படும் தடித்த, உருண்டை வளைவுகளுள்ள எழுத்தைப் பயன்படுத்தினார்கள். சாதாரண ஜெர்மானியருடைய கண்ணுக்குப் பழகிய எழுத்து அது. வேதம் பண்டிதரின் மேஜையிலிருந்து வீட்டு மேஜைக்கு வந்துவிட்டது என்பதை அந்த எழுத்தே சொல்லிற்று. (தமிழிலும் இப்படி ஒரு எழுத்துக் கதை உண்டு. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பப்பட்ட தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியவையாயிருந்ததால், தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் குழுவினர் சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு நிறைவுபெற்றது.)

சுவிசேஷங்களிலும் நிருபங்களிலும் ஆரம்ப எழுத்துகளுக்குள் மாத்திரமே சிறு உருவங்கள் இருந்தன. வெளிப்படுத்தின விசேஷத்துக்கோ 21 முழுப்பக்கப் படங்கள். லூதர் தம் முன்னுரையில் அந்தப் புத்தகத்தைக் குறித்த தம் தயக்கத்தை வெளிப்படையாகவே எழுதியிருந்தார். அப்படியிருந்தும் அதற்கே படங்கள் மிகுந்தன. 1498-இல் டியூரர் அதே தரிசனங்களை வரைந்து புகழ்பெற்றிருந்தார். கிரானாக்கின் பட்டறை அவரைப் பார்த்தே வரைந்தது.

பாதாளத்திலிருந்து ஏறிவரும் மிருகத்தின் தலையிலும், மகா பாபிலோனாகிய ஸ்திரீயின் தலையிலும் போப்பாண்டவருடைய மூன்றடுக்குக் கிரீடத்தை அவர் வைத்தார். வேதவசனத்தில் இல்லாத ஒரு விளக்கத்தைப் படம் தானாகச் சேர்த்துவிட்டது. எதிர்ப்பு எழுந்தது. பக்கத்து நாட்டுப் பிரபு ஜார்ஜ் அந்தப் புத்தகத்தையே தடைசெய்தார். டிசம்பரில் மறுபதிப்பு வந்தபோது அந்த மரக்கட்டைகளில் மேல் அடுக்குகள் வெட்டியெறியப்பட்டு, சாதாரணக் கிரீடமாக்கப்பட்டிருந்தன. இங்கே நாம் கிரானாக்கின் பக்கம் முழுவதும் நிற்க இயலாது. வாசிக்கத் தெரியாதவனுக்குப் படமே வசனம். வரைகிறவன் தன் கருத்தை அதற்குள் நுழைத்தால், அவன் அதைத் தேவவசனமென்றே எடுத்துக்கொள்வான். நம் சபைச் சுவரொட்டிகளிலும் இந்த ஆபத்து இல்லாமலில்லை.

பிறகு நடந்தது இன்னும் விநோதம். லூதரை எதிர்த்த எம்சர் என்னும் அறிஞர் 1527-இல் கத்தோலிக்கருக்காக ஒரு ஜெர்மானியப் புதிய ஏற்பாட்டை வெளியிட்டார். அதிலும் வெளிப்படுத்தின விசேஷத்துக்குக் கிரானாக்கின் அதே மரச்செதுக்குப் படங்களே அச்சாயின. கிரானாக் லூதரின் நெருங்கிய நண்பர், 1525-இல் அவருடைய திருமணத்துக்குச் சாட்சியாக நின்றவர். ஆயினும் கார்டினல் ஆல்பிரெக்ட்டுக்கும் ஓவியங்கள் செய்து கொடுத்தார். 1517-இல் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையினால் பயனடைந்தவர் அந்தக் கார்டினலே. இதைச் சிலர் வியாபாரம் என்பார்கள். பட்டறையில் வேலை செய்தவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டியவருடைய நிலையை அறிந்தவர்கள் அவ்வளவு எளிதாகத் தீர்ப்புச் சொல்லமாட்டார்கள்.

ஆனால் முதிர்வயதில் அவர் லாபத்தைப் பார்க்கவில்லை. பிரெடரிக்கின் வாரிசுகளில் ஒருவரான யோகான் பிரெடரிக் யுத்தத்தில் தோற்றுச் சிறைப்பட்டபோது, 1550-இல் ஏறக்குறைய எழுபத்தெட்டு வயதில் கிரானாக் விட்டன்பர்க்கை விட்டுப் புறப்பட்டு, சிறைப்பட்ட எஜமானிடம் சென்றார். அவரோடே வைமார் நகருக்கு வந்து, 1553-இல் அங்கே மரித்தார். அவருடைய கல்லறையில் மிக வேகமான ஓவியர் என்று லத்தீனில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

வைமார் ஆலயத்தின் பீட ஓவியத்தை அவருடைய மகன் 1555-இல் முடித்தார். சிலுவையின் அருகே வெண்தாடியோடு கிரானாக் நிற்கிறார். இயேசுவின் விலாவிலிருந்து பாயும் இரத்தம், நடுவில் ஒரு குருவும் இல்லாமல், நேரே அவருடைய தலையின்மேல் விழுகிறது. பக்கத்தில் லூதர் விரித்த வேதாகமத்தை ஏந்தி, ஒரு வரியின்மேல் விரலை வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தின் எழுத்துகள் ஜெர்மானிய மொழியில், ஆலயத்தில் நிற்பவர் வாசிக்கத்தக்கதாகத் தெளிவாய் எழுதப்பட்டிருக்கின்றன.