மேகத்தை வரைந்த கேப்டன்

1857 டிசம்பர். வடக்கே சிப்பாய்க் கலகம் இன்னும் அடங்கியிருக்கவில்லை. அந்த நேரத்தில் மதராஸ் ராணுவத்தின் கேப்டன் ஒருவர் பெங்களூரிலிருந்து கிளம்பி ராயக்கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அவர் கொண்டுவந்த சரக்கு விசித்திரமானது. பெரிய மரக் கேமரா, மெழுகு பூசிய தாள்கள், வெள்ளி நைட்ரேட், காலிக் அமிலம், ஹைப்போ. அவர் பெயர் லின்னேயஸ் ட்ரைப். மதராஸ் அரசாங்கமே சம்பளம் கொடுத்து வைத்திருந்த புகைப்படக்காரர். ராயக்கோட்டையில் தொடங்கிய பயணம் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று மாதக்கணக்கில் நீண்டது. 1858-இல் சென்னையில் வெளியான அவருடைய ஆல்பங்களில் ஒன்று ராயக்கோட்டைக்கும் சேலம் மாவட்டத்தின் மற்ற சில இடங்களுக்குமானது. இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம் அன்று சேலத்தோடு இருந்தது.

மதுரைக்கும் தஞ்சைக்கும் ஆல்பம் போட்டது புரிகிறது, ராயக்கோட்டைக்கு எதற்கு? மைசூர்ப் பீடபூமியிலிருந்து பாராமகால் பகுதிக்குள் இறங்கும் வழியைக் காவல் காத்த மலை அது. 1791-இல் கார்ன்வாலிஸின் படை திப்புவிடமிருந்து அதைப் பிடித்தது. அடுத்த ஆண்டே ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் இந்தப் பக்கம் வந்து மலையை வரைந்துகொண்டு போனார்கள். கோடு பிசகாமல் இருக்க அவர்கள் பயன்படுத்திய துணைக் கருவி கேமரா அப்ஸ்க்யூரா, அதாவது எதிரிலுள்ள காட்சியைத் தனக்குள் விழவைக்கும் இருட்டுப் பெட்டி. அந்தப் பெட்டியில் விழும் பிம்பத்தைத் தாளில் நிலைநிறுத்தும் ரசாயனம் வந்துசேரத்தான் இன்னொரு அரை நூற்றாண்டு ஆனது.

அந்த ரசாயனத்தின் பாடு லேசானதல்ல. தாளில் மெழுகை உருக்கி ஏற்ற வேண்டும். அயோடைடு கரைசலில் ஊறவைத்து உலர்த்த வேண்டும். வெளிச்சம் புகாத இடத்தில் வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, கழுவி, மறுபடி உலர்த்தினால்தான் தாள் ஒளியை உணரும். கேமராவுக்குள் வைத்தபின் நிமிடக் கணக்கில் மூடியைத் திறந்துவைக்க வேண்டும். எடுத்தது சரியாக வந்ததா என்பது காலிக் அமிலத்தில் போட்ட பிறகே தெரியும். நம்மூர் வெயிலில் மெழுகு இளகும், கரைசல் கெடும், ஊருக்கு ஊர் தண்ணீரின் குணம் மாறும். சீமையில் எழுதிய செய்முறையை நம்பினால் ஒரு தாளும் தேறாது. ட்ரைப் இந்தத் தட்பவெப்பத்துக்கு ஏற்றபடி தன் முறையைத் திருத்திக்கொண்டார். படிகளைத் தங்கக் குளோரைடில் நிறமேற்றியதால் அவை வெளுக்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாகத் துண்டு துண்டாக எடுத்து, ஒட்டிச் சேர்த்து, ஏறக்குறைய 19 அடி நீளத்தில் ஒரே படமாக்கினார். இன்று கைபேசியை இடமிருந்து வலமாக நகர்த்தினால் வரும் பனோரமாதான். அவர் ஒவ்வொரு துண்டுக்கும் அந்தக் கனத்த கேமராவை நகர்த்தி மட்டம் பார்த்திருக்கிறார்.

ஆனால் என் கவனத்தைப் பிடித்தது அவருடைய பொறுமையைவிட அவருடைய மேகங்கள்.

அன்றைய தாள் நெகட்டிவ் நீல ஒளியை மட்டுமே நன்றாக உணரும். வானம் முழுக்க நீலம், ஆகவே தரைக்குத் தேவையான நேரம் திறந்துவைத்தால் வானம் அளவுக்கு மீறி ஒளிபட்டு, படியில் வெற்று வெள்ளையாகவோ திட்டுத்திட்டாகவோ வந்து நிற்கும். இலைகளின் பச்சையும் இருண்டுபோகும். ட்ரைப் என்ன செய்தார் தெரியுமா? தூரிகையை எடுத்து நெகட்டிவின் மேலேயே நிறமி தீட்டினார். பர்மாவிலும் இந்தியாவிலும் அவர் எடுத்த பல படங்களில் மிதக்கும் மேகங்கள் கையால் வரைந்தவை. மரங்களின் இலைகளையும் இப்படித்தான் தெளிவாக்கினார். அரசாங்க ஆவணத்துக்காக எடுத்த படம், அதில் கற்பனை மேகம்! ஃபிலிம் காலம் உண்மையின் காலம், டிஜிட்டல் வந்துதான் பொய் புகுந்தது என்று பெருமூச்சு விடுகிறவர்கள் இந்த மேகங்களை ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

நம் ஊர் ஸ்டுடியோக்களும் இதில் சளைத்தவை அல்ல. ‘டச்சிங்’ என்று ஒரு வேலை இருந்தது. சாய்வு மேசையில் நெகட்டிவை வைத்து, கீழிருந்து கண்ணாடி வழியே வெளிச்சம் பாய்ச்சி, ஊசி முனையாகச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தட்டுவார்கள். நெகட்டிவில் கறுப்பு ஏறினால் படியில் அந்த இடம் வெளுக்கும். அம்மைத் தழும்பு மறையும், கண்ணுக்குக் கீழுள்ள குழி நிரவப்படும். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் போட்டோ என்றால், “கொஞ்சம் கலர் தூக்கிக் குடுங்க சார்” என்று பெண்ணின் அப்பா தயங்கித் தயங்கிக் கேட்பார். எவ்வளவு தூக்கலாம் என்பது டச்சிங்காரரின் கணக்கு. அளவு மீறினால் முகம் மாவு பூசியதுபோல ஆகிவிடும், பெண் பார்க்க வந்தவர்கள் திகைப்பார்கள், பழி ஸ்டுடியோவின் தலையில் விழும். ஆகவே அந்தப் பொய்க்கு ஒரு வரம்பு இருந்தது. அதற்குக் கணக்குச் சொல்ல ஓர் ஆள் கடையில் உட்கார்ந்திருந்தார். பழைய கைவினையில் நான் மதிப்பது இந்த ஒன்றைத்தான்.

இனி ராயக்கோட்டைக்கே திரும்பலாம். ஓசூரிலிருந்து அங்கே போகும் சாலையில் உத்தனப்பள்ளிப் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸின் ஆலை இருக்கிறது. ஐபோனின் வெளிக்கூடு அங்கே தயாராகிறது. ஜார்க்கண்டிலிருந்துகூடப் பெண்கள் வந்து விடுதிகளில் தங்கி வேலை செய்கிறார்கள். தமிழ்நாட்டில் ட்ரைப் தன் கேமராவை நிறுத்திய முதல் இடங்களில் ஒன்றான அந்த மலைக்கு அருகிலேயே, உலகின் மிகப் பிரபலமான கேமராக்களில் ஒன்றுக்கு உடம்பு செய்கிறார்கள். ஆம், கேமரா என்றுதான் சொல்கிறேன். பேசுவதற்காக மட்டும் அதை யார் வாங்குகிறார்கள்?

அந்தக் கேமராவுக்குள் நடப்பது வேறு ரகம். நாம் ஒரு தட்டு தட்டினால் அது பல ஃபிரேம்களை எடுக்கிறது. சிலவற்றில் வானம் நன்றாக இருக்கும், சிலவற்றில் முகம். எல்லாவற்றையும் அடுக்கி, நல்ல பகுதிகளைப் பொறுக்கி, இருட்டைத் தூக்கி, தோலை மெழுகி, ஒரே படமாகத் தருகிறது. ட்ரைப்பின் வானச் சிக்கலை ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் தீர்த்துவிடுகிறது. இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? ராத்திரி ஷிப்ட் முடிந்து விடுதிக்கு வரும் பெண், தெருவிளக்கு வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து ஊருக்கு அனுப்புகிறாள். ஃபிலிம் காலத்தில் அந்த வெளிச்சத்தில் முகமே வந்திருக்காது. வந்திருந்தாலும் ஒரு படத்துக்குச் செலவழிக்க அவளிடம் காசு இருந்திருக்காது. நம்மில் எத்தனை பேரின் பாட்டிகளுக்கு ஒரே ஒரு போட்டோதான் உண்டு, அதுவும் ரேஷன் கார்டுக்கு எடுத்தது!

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 2023-இல் சாம்சங் கைபேசியில் எடுத்த நிலாப் படங்களைப் பற்றி ஒரு சர்ச்சை எழுந்தது. பயனர் ஒருவர் வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைக் கணினித் திரையில் வைத்து, இருட்டறையில் தள்ளி நின்று கைபேசியால் எடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் படத்தில் வந்து நின்றன. இது நிலா என்று கருவி கண்டுகொண்டு, நிலாவுக்கு இருக்க வேண்டிய விவரங்களை அதுவாகவே நிரப்பியிருந்தது. காட்சியை அடையாளம் கண்டு விவரங்களைக் கூட்டும் மென்பொருள் தங்கள் கைபேசியில் இருப்பதாகவும், வேண்டாதவர்கள் அதை அணைத்துக்கொள்ளலாம் என்றும் நிறுவனம் விளக்கம் தந்தது. எத்தனை பேர் அணைத்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

ட்ரைப்புக்குத் தன் மேகம் எதுவென்று தெரியும். டச்சிங்காரருக்குத் தான் எத்தனை தழும்பை மறைத்தோம் என்று தெரியும். கைபேசிக்காரருக்குத் தன் படத்தில் தான் எடுத்தது எவ்வளவு, கருவி சேர்த்தது எவ்வளவு என்பது தெரியாது. அதிகம் படம் எடுக்கிற தலைமுறைக்குத் தன் படத்தைப் பற்றி இவ்வளவு குறைவாகத் தெரிந்திருப்பது எனக்கு உறுத்துகிறது.

இதற்கு மருந்து ஃபிலிமுக்குத் திரும்புவது என்று ஓர் இளைஞர் கூட்டம் கிளம்பியிருக்கிறது. 2024-இல் பென்டாக்ஸ் புதிதாக ஒரு ஃபிலிம் கேமராவையே வெளியிட்டது. ஓசூர்க்காரர்களுக்கு இந்தத் திருப்பம் பழக்கமானதுதான். பெங்களூரில் எச்.எம்.டி. 1961 முதல் சாவி கொடுக்கும் கடிகாரங்களைச் செய்தது. எண்பதுகளில் ஓசூரில் டைட்டன் குவார்ட்ஸ் கடிகாரங்களோடு இறங்கியது. 2016-இல் எச்.எம்.டி. கடிகாரத் தொழிலுக்கு மூடுவிழா அறிவிப்பு வந்தது. இப்போது பழைய எச்.எம்.டி.யைத் தேடி வாங்குகிறார்கள், டைட்டனே சாவிக் கடிகாரங்களையும் விற்கிறது. பிழைப்புக்கு இருந்த பொருள் ஆசைக்கான பொருளாகிவிட்டது. ஃபிலிமும் அப்படித்தான். 36 படம் எடுத்து, கழுவி, ஸ்கேன் செய்து, கடைசியில் அதே கைபேசியில்தான் பார்க்கிறார்கள். தப்பில்லை, நல்ல பயிற்சி. ஒவ்வொரு படத்துக்கும் காசு போகிறது என்றால் கண் தானாகவே நிதானப்படும்.

ஆனால் அந்த ஃபிலிமைச் செய்யும் கை நம்மிடம் இருந்து, போய்விட்டது. நீலகிரியில் 1960-இல் மத்திய அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1967-இல் உற்பத்தியைத் தொடங்கி, ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் தாளும் எக்ஸ்ரே ஃபிலிமும் கொடுத்தது. தூசி குறைந்த குளிர்க் காற்றுக்காக ஊட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். வெள்ளி உப்பைச் சீராகப் பூசும் அந்தத் தொழில்நுட்பம் உலகில் சில நிறுவனங்களின் கையில் மட்டுமே இருந்தது. மக்கள் வண்ணத்துக்கு மாறினார்கள், இறக்குமதி எளிதானது, பிறகு டிஜிட்டல் வந்தது, எக்ஸ்ரேயும் கணினிக்குப் போனது. தொண்ணூறுகளிலேயே நலிவடைந்த ஆலைக்கு 2014-இல் விருப்ப ஓய்வுத் திட்டத்தோடு முடிவு எழுதப்பட்டது. டிஜிட்டலை மட்டும் குற்றம் சொல்வது சுலபம். அது வருவதற்கு முன்பே ஆலை படுத்துவிட்டது.

படக் கைவினையில் இன்னொன்று உண்டு, அதற்கும் ஃபிலிமுக்கும் சம்பந்தமே இல்லை. காட்டுயிர்ப் படக்காரர் மா. கிருஷ்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். வண்ணத்தைச் சீந்தாமல் கடைசிவரை கறுப்பு வெள்ளையிலேயே நின்றவர். வெவ்வேறு கருவிகளின் பாகங்களைப் பொருத்தித் தாமே உருவாக்கிக்கொண்ட கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்திருந்தார். அந்த விநோதக் கருவியால் அவர் படங்கள் சிறக்கவில்லை. யானை எந்தப் பக்கம் திரும்பும், எப்போது காது நிற்கும், எந்த இடத்துக்கு மேல் ஓர் அடியும் வைக்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்று தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் கேழ்வரகு விளையும் பருவத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைகள் இறங்கும்போது என்ன நடக்கிறது? கைபேசிகளோடு கூட்டம் ஓடுகிறது. கைபேசியின் லென்ஸ் அகலமானது. தூரத்திலிருந்து எடுத்தால் யானை எறும்பளவுதான் வரும், அதனால் இன்னும் கொஞ்சம் கிட்டே, இன்னும் கொஞ்சம் கிட்டே என்று கால் போகிறது. ஃபிரேமில் யானை பெரிதாகும்போது யானைக்கும் நமக்கும் நடுவே இருந்த நிலம் காணாமல் போகிறது. வனத்துறை கத்திக் கத்தித் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

இதே வட்டாரத்தின் மேலகிரிக் காடுகளில், 2014-இல் காவிரி வடக்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பகுதியில், மரத்தில் கட்டிய தானியங்கிக் கேமராக்கள் சிறுத்தையையும் யானையையும் அமைதியாகப் பதிவு செய்கின்றன. அங்கே விரலே இல்லை, சூடான உடம்பு கடந்துபோனால் கருவி தானாக எடுத்துக்கொள்ளும். மனிதன் இருக்கக் கூடாத இடத்தில் கருவி தனியாக முடிவெடுப்பதை நான் மனதார வரவேற்கிறேன். கல்யாண மேடையில் மணப்பெண்ணின் நிறத்தை அது தனியாக முடிவெடுப்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை. நம் ஊர்க் கல்யாண போட்டோகிராஃபர்களில் விவரமானவர்கள் ‘ரா’ ஃபைலில்தான் எடுக்கிறார்கள். கருவியின் சமையலைத் தவிர்த்து, பிறகு தாமே உட்கார்ந்து பதம் பார்க்கிறார்கள். டச்சிங் மேசை மடிக்கணினிக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கணக்குச் சொல்லும் ஆள் இன்னும் இருக்கிறார்.

ட்ரைப்பின் வேலைக்கு ஆயுசு குறைவு. 1859-இல் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெலியன், கஜானா இருக்கிற நிலைமையில் அரசுக்குப் புகைப்படக்காரர் ஓர் ஆடம்பரம் என்று பதவியையே ஒழித்தார். கேப்டன் அதன்பின் கேமராவை அதிகம் தொடவில்லை. 1902-இல் இறந்தார். ஆனால் அவருடைய படங்கள் லண்டனில் பத்திரமாக இருக்கின்றன. நம் ஸ்டுடியோக்காரர்களின் நெகட்டிவ்கள்? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டுடியோ படங்களைத் தேடி மின்படிவம் ஆக்கியது. பல ஊர்களில் கண்ணாடி நெகட்டிவ்கள் வெள்ளிக்காகவும் கண்ணாடிக்காகவும் எடைக்குப் போயிருந்தன.

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் பர்கூரிலும் பழைய ஸ்டுடியோக்களின் பரண்களில் நெகட்டிவ்கள் இன்னும் கிடக்கலாம். சிப்காட் வருவதற்கு முந்தைய ஓசூர், முதல் தலைமுறைத் தொழிலாளர்கள், அவர்கள் ஊருக்கு அனுப்ப எடுத்துக்கொண்ட படங்கள். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களுக்கு இடம் இருக்கிறது, ஓர் இரும்பு அலமாரிக்கும் இடம் பிறக்காதா? பரணைத் திறப்பவர்களுக்கு ஒரு யோசனை: அசிடேட் ஃபிலிம் சூட்டில் சிதையத் தொடங்கினால் வினிகர் வாடை அடிக்கும், அந்தக் கட்டுகளைத் தனியாகப் பிரித்து முதலில் ஸ்கேன் செய்யுங்கள். நெகட்டிவைச் சுற்றிய பழுப்புக் கவர்களைக் குப்பை என்று எறிந்துவிட வேண்டாம். எண், தேதி, வந்தவர் பெயர், ‘கலர் தூக்கவும்’ என்ற குறிப்பு எல்லாம் அதன்மேல்தான் எழுதியிருக்கும்.