ஹெலிகேம் ஃபில்டர்: எண்ணைச் சோதித்து வாங்குங்கள், எடை பார்த்து மாட்டுங்கள்

கல்யாணம், தேர்த்திருவிழா, நிலத்தரகர் வீடியோ என்று ஹெலிகேமை நம்பிப் பிழைப்பவர்கள் இன்று எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கேமரா வாங்கும்போது பத்துப் பேரிடம் விசாரிப்பவர்கள்கூட, அதன் லென்ஸில் மாட்டும் ஃபில்டரைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடுகிறார்கள். படத்தின் நிறம் கெடுவதும், கேமராவை அசையாமல் தாங்கும் கிம்பலின் மோட்டார் திணறுவதும், சில நேரம் சட்டத்தின் பார்வையில் ட்ரோனின் வகையே மாறிவிடுவதும் அந்தச் சின்னக் கண்ணாடியால் நடக்கக்கூடியவை. அது சரியில்லை என்றால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எப்படிக் கேட்பது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் தேவை. சின்ன ட்ரோன்கள் பெரும்பாலானவற்றில் லென்ஸ் துவாரத்தைச் சுருக்க முடியாது, எஃப் 2.8 அல்லது எஃப் 1.7 என்று ஒரே அளவில் திறந்திருக்கும். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100 வைத்தால், எஃப் 2.8 லென்ஸில் ஷட்டர் ஏறக்குறைய 1/3200 நொடிக்குப் போய்விடும். ஒவ்வொரு ஃப்ரேமும் உறைந்து நிற்பதால் தேரின் அசைவு விட்டு விட்டுத் துடிக்கும். நொடிக்கு 25 ஃப்ரேம் எடுப்பவருக்கு ஷட்டர் 1/50 அளவில் இருந்தால் அசைவு கண்ணுக்கு இயல்பாகத் தெரியும். 3200-ஐ 50-ஆல் வகுத்தால் 64. வேண்டியது என்டி 64, அதாவது 64-ல் ஒரு பங்கு வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும் ஃபில்டர். எஃப் 1.7 லென்ஸ் இதைவிட இரண்டரை மடங்குக்கும் கூடுதலாக வெளிச்சம் வாங்கும். அதற்கு என்டி 128 அல்லது 256 தேவைப்படும். மேகமூட்டமான நாளில் எஃப் 2.8-க்கு என்டி 8, 16 போதும். இந்தக் கணக்குத் தெரிந்தவரிடம், என்டி 4, 8, 16 மட்டும் உள்ள பெட்டியை ‘கொளுத்தும் வெயிலுக்கானது’ என்று சொல்லி விற்க முடியாது.

சில பெட்டிகளில் 0.9, 1.2, 1.8 என்று அச்சிட்டிருக்கும். அவை முறையே என்டி 8, 16, 64. இரண்டு வகை எண்களையும் குழப்பிக்கொண்டு வாங்கியவர்கள் நிறையப் பேர்.

ஃபில்டரே கூடாத வேலைகளும் உண்டு. நில அளவைக்கும் வரைபடத்துக்கும் பறக்கும்போது ஷட்டர் வேகமாக இருந்தே ஆக வேண்டும். அங்கே என்டி மாட்டினால் படம் மங்கி அளவே பிழையாகும். பொழுது சாய்ந்த பிறகு கழற்ற மறந்தால் இருட்டுப் பகுதி முழுக்கப் புள்ளி புள்ளியாக வரும். சிபிஎல் எனப்படும் போலரைசர் தண்ணீரிலும் கார்க் கண்ணாடியிலும் பளபளப்பைக் குறைக்கும். ஆனால் பறக்கும்போது அதைத் திருப்ப முடியாது, வானத்தைப் பொறுத்தவரை சூரியனுக்குச் செங்குத்தான திசையில்தான் முழுப் பலன் தரும். ட்ரோன் சுற்றிச் சுற்றி வந்தால் வானத்தின் நீலம் ஏறி இறங்கும். யுவி ஃபில்டரால் படத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. கீறலைத் தடுக்கும் மூடி, அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் என்டி ஃபில்டர் வழியாகச் சூரியனையோ கிரகணத்தையோ கண்ணால் பார்க்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அது தடுக்காமல் விடலாம். கிரகணக் கண்ணாடிக்குத் தனித் தரம் இருக்கிறது, ஐஎஸ்ஓ 12312-2. வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஃபில்டர் பெட்டியை எட்டாத இடத்தில் வையுங்கள்.

எடை விஷயத்தைப் பலரும் யோசிப்பதே இல்லை. இந்தியாவின் ட்ரோன் விதிகள், 2021, சுமக்கும் பொருளையும் சேர்த்த மொத்த எடையை வைத்தே வகை பிரிக்கின்றன. 250 கிராம் வரை நானோ; அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவுக்குப் பைலட் சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோவைக் காசு வாங்கிக்கொண்டு பறக்கவிட்டால் தேவை. 249 கிராம் ட்ரோனில் ஒன்றரை கிராம் ஃபில்டரை மாட்டிக் கல்யாணத்துக்குப் பறக்கவிடுபவர் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறார். பேட்டரி, மெமரி கார்டு, ஃபில்டர் எல்லாவற்றோடும் ஒரு டிஜிட்டல் தராசில் வைத்து நிறுத்துப் பாருங்கள்.

கிம்பலுக்கும் இதே எடைதான் பகை. உங்கள் மாடலுக்கென்றே செய்த ஃபில்டரை, ட்ரோன் அணைந்திருக்கும்போது, கேமராவை விரலால் தாங்கிக்கொண்டு மாட்டுங்கள். மோட்டார் ஓவர்லோட் என்று திரையில் வந்தால் உடனே இறக்கிவிடுங்கள். காந்தத்தில் ஒட்டும் வகையைக் கூட்டத்துக்கு மேலே பறக்கும் முன் அசைத்துப் பாருங்கள். வேறு நிறுவனத்து உதிரிப் பொருளால் வந்த பழுதுக்கு வாரண்டி கிடையாது என்ற நிபந்தனை பலவற்றில் உண்டு, முதலிலேயே படித்துவிடுங்கள்.

வாங்கிய அன்றே சோதித்துவிடுவது நல்லது. பெட்டி பிரிப்பதை இடைவெட்டு இல்லாமல் வீடியோ எடுங்கள். வெயிலின் அளவு மாறாத நேரத்தில், வெள்ளைத் தாளையும் செய்தித்தாளையும் சுவரில் ஒட்டி, ஒயிட் பேலன்ஸையும் ஐஎஸ்ஓவையும் பூட்டிவிட்டு, ஃபில்டர் இல்லாமல் ஷட்டர் 1/800-ல் ஒரு படம் எடுங்கள். பிறகு என்டி 8 மாட்டி 1/100-ல் ஒன்று. இரண்டும் ஒரே வெளிச்சமாக வந்தால் பெட்டியில் போட்ட எண் உண்மை. தாள் பச்சையாகவோ சிவப்பாகவோ தெரிந்தால், எழுத்தின் ஓரம் கரைந்திருந்தால், அது குறையுள்ள பொருள். ஒவ்வொரு ஃபில்டருக்கும் இதே கணக்குத்தான்: எண் எத்தனையோ அத்தனை மடங்கு ஷட்டரை நீட்டுங்கள்.

இனி உரிமை. ‘ரிட்டர்ன் கிடையாது’ என்று எழுதிப்போட்டு இணையத்தில் விற்பவர்கள் தப்பிக்க முடியாது. மின்வணிக நுகர்வோர் விதிகள், 2020-ன்படி, குறையுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பெட்டியில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை ஆகியவை இல்லையென்றால் அது தனிக் குற்றம். பில் வாங்காமல் வந்துவிட்டால் இதில் பாதியை நீங்களே விட்டுக்கொடுத்ததாக ஆகும்.

‘தொழிலுக்கு வாங்கினாய், நீ நுகர்வோரே இல்லை’ என்று கடைக்காரர் சொல்லக்கூடும். இது பாதி உண்மைதான். வியாபார நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்கிற அதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, சுயதொழில் செய்து வாழ்க்கை நடத்துவதற்காக மட்டும் வாங்கித் தானே பயன்படுத்துபவரை நுகர்வோராக ஏற்கிறது. ஒற்றை ஹெலிகேமை வைத்துக் குடும்பம் நடத்தும் தம்பிக்கு இந்த ஒரு வரி பெரிய பலம்.

முதலில் விற்றவருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பில், பெட்டி, பிரித்த வீடியோ, சோதனைப் படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். கோபத்தில் ஃபில்டரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லலாம்.