செரிக்காத மாவின் சேவை!

சிறுகுடலில் செரித்தது போக மிஞ்சியதெல்லாம் குப்பை என்றுதான் நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். அந்தக் 'குப்பை'யைக் கொண்டே காலரா நோயாளிகளைச் சீக்கிரம் தேற்றிக் காட்டிய ஆராய்ச்சி ஒன்று நம் வேலூரில் நடந்திருக்கிறது.

காலராவில் ஆளைக் கொல்வது உடம்பிலுள்ள தண்ணீரும் உப்பும் மணிக்கு மணி வெளியேறிவிடுவதுதான். அதற்குத்தான் ஓ.ஆர்.எஸ். கரைசல். அதில் சர்க்கரை எதற்கு, ருசிக்கா? இல்லை. சிறுகுடல் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் ஜோடியாக வந்தால்தான் திறக்கிற கதவு ஒன்று உண்டு. அவை உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போய்விடும்.

ஆனால் ஒரு குறை. கரைசல் இழந்த நீரை ஈடுகட்டுமே தவிர, போவதை உடனே நிறுத்தாது. எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் யாருக்கு வயிற்றால் போனாலும், பாக்கெட்டை என்னிடம் நீட்டி, "என்ன போட்டிருக்கு, படிச்சுச் சொல்லுப்பா" என்பார்கள். படித்துச் சொல்வேன். மறுநாளே, "குடிக்கக் குடிக்கப் போகுதே, இதைக் குடுத்து என்ன பிரயோசனம்?" என்று நிறுத்திவிடுவார்கள். ஆபத்தே அங்கேதான்!

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர், பெருங்குடலையும் வேலைக்கு இழுத்தால் என்ன என்று யோசித்தார்கள். சிறுகுடலில் செரிக்காமல் தப்பிவிடும் மாவுச்சத்து ஒரு வகை. பெருங்குடலில் குடியிருக்கும் கோடானுகோடி பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்து அசிடேட், புரோபியோனேட், பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடல் இவற்றை உறிஞ்சும்போது சோடியமும் தண்ணீரும் கூடவே உள்ளே போகின்றன. நம் மெக்கானிக்கல் பாஷையில் சொன்னால் ஸ்டாண்ட்பை பம்ப்!

48 காலரா நோயாளிகளை மூன்று பிரிவாக்கினார்கள். வழக்கமான கரைசல் குடித்தவர்களுக்குப் பேதி நிற்கச் சராசரியாகச் சுமார் 91 மணி நேரம் ஆனது. லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவு சேர்த்த கரைசலுக்கு 71 மணி. அதே அளவு, அமிலோஸ் மிகுந்த மக்காச்சோள மாவுச்சத்து சேர்த்ததற்கு 57 மணிதான்! 2000-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதை வெளியிட்டது. பின்னர் குழந்தைகளிடமும் சோதித்துப் பார்த்தார்கள்.

நம் வீட்டுப் பழைய சோற்றிலும் இந்தச் சங்கதி கொஞ்சம் உண்டு. சோறு ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி இறுகி, செரிமான நொதிக்குப் பிடிபடாமல் போகிறது. மில் ஷிப்டுக்குத் தூக்குச்சட்டியில் நீராகாரம் கொண்டுபோகும் எங்க அப்பாவிடம் சொன்னேன். "இதுக்குமா ஆராய்ச்சி?" என்று சிரித்தார். ஆனால் வேலூரில் கொடுத்தது பழைய சோறு அல்ல. ஆகவே பேதிக்கு அதுவே மருந்து என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். சோறு ஊறும் தண்ணீர் சுத்தமில்லை என்றால் அதுவே நோயைக் கொண்டுவரும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். கொதித்து ஆறிய தண்ணீரில், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுக்கே கரைக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் உப்பு கூடிவிடும். கரைத்ததை ஒரு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. போய்க்கொண்டே இருந்தாலும், குடிப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள்.