உங்களுக்குத் தெரியுமா? ஊதினால் உண்மை தெரியும்!

நெஞ்சில் விசில் சத்தம் கேட்டால்தான் ஆஸ்துமாவா? இல்லவே இல்லை! பகலெல்லாம் ஆட்டம் போட்டுவிட்டு, விடியற்காலை 3 மணிக்கு எழுந்து உட்கார்ந்து இருமுகிற பிள்ளைக்கும் ஆஸ்துமா இருக்கலாம். வெறும் இருமல்தான்... விசிலே இருக்காது!

அப்படியே தலைகீழ்: வீசிங், அதாவது அந்த விசில் சத்தம், எல்லாமே ஆஸ்துமா இல்லை! அமெரிக்காவின் டூசான் நகரில் 1980-ல் ஆரம்பித்த ஆய்வில், பிறந்ததிலிருந்தே குழந்தைகளைக் கவனித்து வந்தார்கள். 3 வயதுக்குள் வீசிங் வந்து, 6 வயதில் அது காணாமலே போன குழந்தைகள்... ஐந்தில் ஒருவர்!

ஒரு பக்க நெஞ்சில் மட்டும் விசிலா? டாக்டருக்கு முதல் சந்தேகம் வேர்க்கடலை மேல்தான்! மூச்சுக்குழாயில் மாட்டிய ஒற்றைக் கடலை, ஆஸ்துமா போலவே வேஷம் போடும்!

ஆஸ்துமாவில் மூச்சை இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் பெரும்பாடு! அதனால்தான் பரிசோதனையில் பிள்ளையை ஊதச் சொல்கிறார்கள்.

கம்ப்யூட்டர் திரையில் மெழுகுவத்திகள் எரியும். பிள்ளை குழாயைக் கவ்விக்கொண்டு ‘ஃபூ’ என்று ஊதினால் ஒவ்வொன்றாக அணையும். பார்த்தால் பிறந்தநாள் விளையாட்டு! மெஷினின் கண்ணோ முதல் 1 விநாடியில் வந்த காற்றின் மேல்!

பிறகு மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்தை இழுக்க வைத்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் ஊது! முதல் விநாடிக் காற்று 12 சதவீதம் கூடிவிட்டதா? ஆஸ்துமாவுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கஷ்டம்!

5 வயதுக்குக் கீழே பெரும்பாலும் சரியாக ஊத வராது. அப்போது டாக்டருக்குக் கைகொடுப்பது எது தெரியுமா? இரைக்கும்போது அம்மா செல்போனில் எடுத்த வீடியோ!

வண்டிப் புகையில் இருக்கிற நைட்ரிக் ஆக்ஸைடு உங்கள் பிள்ளையின் மூச்சிலும் இருக்கிறது! ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் அழன்றால் அது எகிறும். அறிகுறிகளும் சேர்ந்து இருந்தால், பிரிட்டனில் ஆஸ்துமா என்று சொல்லப் போதுமான அளவு... நூறு கோடியில் வெறும் 35 பங்கு!

ஆஸ்துமா மருந்தை அழுத்தி இழுக்கிற இன்ஹேலருக்கு ஐடியா கொடுத்தது 13 வயதுச் சிறுமி! “ஹேர் ஸ்ப்ரே மாதிரி என் மருந்தும் டப்பாவில் வரக்கூடாதா?” என்று 1955-ல் அப்பாவிடம் கேட்டாள். அப்பா, ரைக்கர் மருந்து கம்பெனியின் தலைவர். மறு வருடமே கடைக்கு வந்துவிட்டது!

கடைசியாக ஒன்று. மூச்சுக்குத் திணறுகிற பிள்ளையின் விசில் சத்தம் திடீரென்று நின்றுவிட்டதா? குணமாகிவிட்டது என்று நிம்மதியாகாதீர்கள். விசிலடிக்கக்கூட உள்ளே காற்று இல்லை! ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்!