20 லட்சம் கட்டி நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங்... போட்ட காசு திரும்ப வருமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததுமே வீட்டுக்கு போன் வர ஆரம்பித்துவிடும். "இன்னைக்கே அட்வான்ஸ் கட்டினா கம்ப்யூட்டர் சயின்ஸ் கன்ஃபார்ம்" என்பார்கள். பொறியியல் கவுன்சிலிங்கே அப்போது தொடங்கியிருக்காது. அந்த அவசரத்தில்தான் பல குடும்பங்கள் கணக்குப் போடாமல் பணத்தைக் கட்டிவிடுகின்றன.

கட்டணம் ஏன் இவ்வளவு?

அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள சுயநிதிக் கல்லூரிகளுக்கு அரசு அமைத்த குழு கட்டணம் நிர்ணயிக்கிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் குழுவின் கீழ் வராது, கவுன்சிலிங்கிலும் வராது. அதனால் முதல் பட்டதாரி சலுகை, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடு எதுவும் அங்கே கிடையாது.

கடன் வாங்கினால் இஎம்ஐ எவ்வளவு?

ஹாஸ்டல், மெஸ் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 5 லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 4 ஆண்டில் அசல் 20 லட்சம். படிக்கும் காலமும் அதன்பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். தனிவட்டிக் கணக்கிலேயே அது 7 லட்சம் ஆகிவிடும். ஆக, 27 லட்சத்தை 10 ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 35,700 ரூபாய் கட்டணும்.

ஆண்டுக்கு 4 லட்சம் சம்பளம் என்றால் மாதம் 33 ஆயிரம்தான். அதிலும் பிஎஃப் போக கைக்கு வருவது இன்னும் குறைவு. மீதி இஎம்ஐ யார் தலையில் விழும்? அப்பாவின் தலையில்தான். 7.5 லட்சத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் வீட்டுப் பத்திரத்தையும் வங்கி கேட்கும்.

"ஹையஸ்ட் பேக்கேஜ் 40 லட்சம்" விளம்பரத்தை நம்பலாமா?

பொய்யாக இருக்கணும்னு இல்லை. ஆனால் அது ஒருவர் வாங்கிய சம்பளம். 10 பேரில் ஒருவருக்கு 40 லட்சம், மற்ற 9 பேருக்கு தலா 4 லட்சம் என்றால் சராசரி 7.6 லட்சம் என்று வரும். அந்தச் சம்பளம் அங்கே ஒருவருக்குக்கூட இல்லை! பார்க்க வேண்டியது மீடியன், அதாவது வரிசையில் நடுவில் நிற்கும் மாணவரின் சம்பளம். இந்தக் கணக்கில் அது வெறும் 4 லட்சம்.

எங்கே பார்ப்பது?

மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் நிறுவனங்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, மீடியன் சம்பளம் எவ்வளவு என்பதைக் கொடுத்தாக வேண்டும். அந்தத் தகவல் இணையத்திலேயே பிடிஎஃப் ஆகக் கிடைக்கிறது. பளபளப்பான பிராஸ்பெக்டஸைவிட இது எவ்வளவோ மேல்.

அப்போ யார் சேரலாம்?

கடனில்லாமல் கட்ட முடிகிற குடும்பத்துக்குப் பெரிய சிக்கல் இல்லை. கட்-ஆஃபுக்கு ஆசிரியர்களே சரியாக இல்லாத கல்லூரிதான் கிடைக்கும் என்றாலும் யோசிக்கலாம். ஆனால் அரசு அல்லது அரசு உதவிபெறும் கல்லூரியில் இடம் கிடைக்கும் கட்-ஆஃபை வைத்துக்கொண்டு, முழுக்கக் கடனில் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்குப் போவது நஷ்டக் கணக்கு. கட்டணச் சலுகை தருவதாகச் சொன்னால், அது 4 ஆண்டுக்குமா, எத்தனை சிஜிபிஏ எடுத்தால் தொடரும் என்று எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்குவது அவசியம்.

ஏற்கெனவே அட்வான்ஸ் கட்டியவர்களுக்கும் வழி இருக்கிறது. யுஜிசி விதிப்படி ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது. குறித்த தேதிக்குள் விலகினால் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். தேதி தள்ளத் தள்ள திரும்பக் கிடைக்கும் தொகை குறையும்.