தோட்டைக் கழற்றிக் கொடுத்த ஜானகி

குழந்தைகளே! கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை பஸ்ஸில் ஏறி இறங்கினாலே நமக்குத் தலை சுற்றும். பர்மாவில் இரவெல்லாம் நடந்தே வந்த பெண்கள் படையைத் தெரியுமா?

1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த நேதாஜி, இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கென்று ஜான்சி ராணி படையை அமைத்தார். தலைவி, சென்னை டாக்டர் லட்சுமி. தாமாகவே வந்து சேர்ந்தவர்களில் பலர் மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள் எத்தனையோ பேர்!

கோலாலம்பூர் ஜானகிக்கு அப்போது வயது 18. வசதியான வீட்டுப் பெண். நேதாஜியின் பேச்சைக் கேட்டதும் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். படையில் சேர அப்பா சம்மதிக்கவில்லை. லட்சுமி வீட்டுக்கே வந்து பேசிய பிறகுதான் மனம் இறங்கினார்.

துப்பாக்கிப் பயிற்சி முடித்து பர்மா போனார்கள். ஆனால் 1944-ல் இம்பால் போரில் தோல்வி. போர்முனைக்குப் போகத் துடித்தவர்கள், காயம்பட்ட வீரர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். எதிரே, ஆங்கிலேயர் படையில் நின்றவர்களிலும் ஏராளமானோர் இந்தியச் சிப்பாய்களே. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கும்.

1945 ஏப்ரல் 24 அன்று ரங்கூனை விட்டுக் கிளம்பினார்கள். லாரிகள் சேற்றில் மாட்டிக்கொண்டன. பகலில் விமானங்கள் குண்டு போடும் என்பதால் மறைந்திருந்து, இரவில் நடந்தார்கள். நேதாஜியும் கூடவே நடந்தார், காலெல்லாம் கொப்புளம்! மே மாதம் பாங்காக் வந்து சேர்ந்தார்கள்.

ஜானகிக்கு இந்திய அரசு 2000-ல் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. 2014-ல் கோலாலம்பூரில் காலமானார்.