கட்டளையும் ஏடும்: கொள்கலன் கொத்தணியில் வளங்களை ஆக்கும் முறை

பொருள்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்வதில் நேரும் இடர்களுட் பெரியது வழியின் நீளமன்று. இடைவழியிலே இறக்கி மீள ஏற்ற வேண்டியிருத்தலேயாம். ராகலைப் பகுதியினர்க்கு இஃது அயலான செய்தியன்று. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரையும் 1900களின் தொடக்கத்தில் இடப்பட்ட புகைவண்டிப் பாதை இரண்டடி ஆறங்குல அகலமே உடையது. கொழும்புக்குச் செல்லும் பெரும்பாதையோ ஐந்தடி ஆறங்குல அகலமுடையது. ஆதலின் ராகலைத் தேயிலை நானுஓயாவில் வண்டி மாற வேண்டியதாயிற்று. ஆயினும் தூளை எவரும் கையால் தொட வேண்டியிருக்கவில்லை. பெட்டி மூடியவாறே மாறிற்று. அதன் புறத்தே தோட்டத்தின் பெயரும் தேயிலையின் தரமும் எடையும் பொறிக்கப்பட்டிருந்தன. அப்பாதை 1940களில் மூடப்பட்டுவிட்டது. எனினும், உள்ளிருப்பதைக் கலைக்காது பெட்டியையே மாற்றுதல் என்னும் கருத்து மறையவில்லை.

அக்கருத்து 1956ஆம் ஆண்டில் பேருருவம் பெற்றது. அமெரிக்கரான மல்கம் மக்லீன் என்பார் 58 உலோகக் கொள்கலன்களை ஐடியல் எக்ஸ் என்னும் கப்பலில் ஏற்றி நியுவாக்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். பின்னர்க் கொள்கலனின் அளவுகள் உலகெங்கும் ஒருமைப்படுத்தப்பட்டமையால், ஒரே பெட்டி கப்பலிலும் வண்டியிலும் சுமையூர்தியிலும் தங்குதடையின்றிச் செல்லலாயிற்று. கொழும்புத் துறைமுகம் இன்று பெற்றுள்ள சிறப்பும் பெரும்பாலும் கொள்கலன்களைக் கப்பல் மாற்றி ஏற்றுவதனால் வந்ததேயாம்.

கணினித் துறையினர் இச்சொல்லைக் கடன் கொண்டது காரணத்தோடுதான். ஒரு கணினியில் நன்கு இயங்கும் மென்பொருள் மற்றொன்றில் இயங்காது நிற்பது பழைய நோய். துணைநூற்றொகுதிகளின் பதிப்பு வேறுபாடும், இயங்குதளத்தின் அமைப்பு வேறுபாடுமே அதற்குக் காரணம். மென்பொருளையும் அதற்கு வேண்டிய துணைகளையும் ஒரே பொதியாகக் கட்டி, பிறவற்றோடு கலவாதபடி இயக்கினால் இந்நோய் பெரிதும் தீரும். அவ்வாறு இயங்குவதே மென்பொருட் கொள்கலன். அதனை எழுப்புதற்கான பொதிக்கு இமேஜ் என்று பெயர். இவ்வகைத் தனிப்படுத்தல் லினக்ஸில் முன்னரே இருந்ததாயினும், 2013இல் வெளிவந்த டொக்கர் என்னும் கருவியே அதனைப் பலர்க்கும் எளிதாக்கிற்று.

கொள்கலன்கள் சிலவாயின் ஒருவர் தம் கையாலேயே நடத்தலாம். நூற்றுக்கணக்கில் பெருகி, பல கணினிகளிற் பரவிவிடின் எது எங்கே இயங்குகின்றது, நின்றுபோனதை யார் எழுப்புவது என்னும் வினாக்கள் எழும். பல கணினிகளை ஒன்றாகப் பிணைத்த தொகுதியைக் கொத்தணி என்கின்றோம். பாடசாலைக் கொத்தணி என்னும் வழக்கு ஆசிரியர்கள் அறிந்ததே. அத்தகைய கொத்தணியை ஆளும் மென்பொருள்களுள் தலையாயது கூபர்நெட்டீஸ். கூகிள் நிறுவனம் அதனை 2014இல் வெளியிட்டது. முதலாம் பதிப்பு 2015 யூலையில் வந்தது. பெயர் கிரேக்கச் சொல். சுக்கான் பிடிப்போன் என்பது பொருள். இலங்கையில் 2005இல் தோன்றிய டபிள்யூ. எஸ். ஓ. டூ நிறுவனமும் தன் மென்பொருள்களைக் கூபர்நெட்டீஸின்மேல் இயங்குமாறு ஆக்கி வெளியிட்டு வருகின்றது. ஆகவே இது தூரதேசத்து விந்தையன்று. நம் மாணவர் நாளை தொழிலாகக் கொள்ளக்கூடிய கலையே.

இனி வளம் என்பது யாதெனக் காண்போம். கொத்தணியில் நாம் ஆக்கும் ஒவ்வொன்றும் வளம் எனப்படும். ஒன்று அல்லது ஒருசில கொள்கலன்களைச் சேர்த்து வைத்த மிகச் சிறிய அலகு பொட். ஒரே வகையான பொட்கள் எத்தனை இருத்தல் வேண்டும் என்பதைக் கூறுவது டிப்ளோய்மென்ட். பொட்கள் மாறினும் மாறாத முகவரியைத் தருவது சேர்விஸ். இவற்றைப் பிறர் பொருளோடு மயங்காதபடி பிரித்து வைக்கும் அறை நேம்ஸ்பேஸ்.

இவற்றை ஆக்குதற்குரிய கட்டளைவரிக் கருவி கியூப்கொன்ட்ரோல் ஆகும். கட்டளைகள் உரோம எழுத்திற் பதியப்படுவன. ஈண்டு அவற்றின் ஒலிப்பை மட்டும் தருகின்றோம். ஒரு பாடசாலை தன் நூலகப் பட்டியலைக் கொத்தணியில் இயக்க விரும்புகின்றது எனக் கொள்வோம். கருவியின் பெயரை அடுத்து ‘கிரியேட் நேம்ஸ்பேஸ்’ என எழுதி ஒரு பெயரைக் கொடுத்தால் தனியறை அமையும். பின் ‘கிரியேட் டிப்ளோய்மென்ட்’ என எழுதி, பெயரையும், இமேஜின் பெயரையும், ‘றெப்ளிக்காஸ்’ என்னும் குறிப்பில் 2 என்னும் எண்ணையும், அறையின் பெயரையும் கொடுத்தல் வேண்டும். அடுத்து ‘எக்ஸ்போஸ்’ என்னும் கட்டளை அந்த டிப்ளோய்மென்டுக்கு ஒரு சேர்விஸை ஆக்கும். ‘கெட்’ என்னும் கட்டளை இருப்பவற்றைப் பட்டியலாகக் காட்டும்.

இங்கே கருத்தூன்றி நோக்கற்பாலது ஒன்றுண்டு. டிப்ளோய்மென்டை ஆக்கும் கட்டளை எந்தக் கொள்கலனையும் நேரே எழுப்புவதில்லை. அது ஏபிஐ சேர்வர் என்னும் வாயிலுக்கு ஒரு விருப்பத்தைத் தெரிவிக்கின்றது. வாயில் அதனை ஆராய்ந்து எட்சிடி என்னும் ஏட்டிற் பதிகின்றது. அவ்வளவில் கட்டளையின் வேலை முடிந்தது. அதன்பின் கட்டுப்படுத்திகள் ஏட்டையும் உண்மை நிலையையும் ஓயாது ஒப்புநோக்கும். ஏட்டில் 2 எனவும் நிலையில் 0 எனவும் இருந்தால், இரண்டு பொட்களைப் பதிவு செய்யும். ஷெட்யூலர் ஒவ்வொன்றுக்கும் இடமுள்ள கணினியைத் தேர்ந்து குறிக்கும். அக்கணினியிலிருக்கும் கியூப்லெட் கொள்கலனை எழுப்பும். நள்ளிரவில் ஒரு பொட் அழிந்தாலும், எவரும் கட்டளையிடாமலே மற்றொன்று அதனிடத்தில் எழும். ஏட்டில் எழுதியது அழியாதிருத்தலே அதற்குக் காரணம். ஆகவே ஆக்குதல் என்பது ஈண்டுச் செய்தலன்று, எழுதுதலே.

இவ்வுண்மையிலிருந்து ஒரு கடமை பிறக்கின்றது. கொத்தணி தன் ஏட்டைக் காப்பது போல, நாமும் நம் ஏட்டைக் காத்தல் வேண்டும். கட்டளைவரியில் ஒவ்வொன்றாகத் தட்டி ஆக்கியவை கொத்தணியின் ஏட்டில் மட்டுமே வாழ்வன. அமைத்த மாணவர் உயர்தரப் பரீட்சை முடித்துச் சென்றபின் கணினி பழுதுற்றால், அவர் எந்த எண்ணைக் கொடுத்தார், எந்தப் பதிப்பை இட்டார் என்பதை ஆசிரியர் எங்ஙனம் அறிவார்? நூலகப் பட்டியலை மீள எழுப்ப வழியின்றி, அவருடைய உழைப்பனைத்தும் அவரோடே போய்விடும்.

இதற்கு மருந்து அதே கருவியிலேயே உண்டு. கிரியேட் கட்டளையோடு ‘ட்ரை றன்’ என்பதற்குக் கிளையன்ட் எனவும், வெளியீட்டுக்கு யாமல் எனவும் குறித்தால், கருவி எதனையும் ஆக்காது. ஆக்க வேண்டியதன் முழு விவரத்தையும் எழுதிக் காட்டும். அதனைக் கோப்பாகச் சேமித்து, ‘அப்ளை’ என்னும் கட்டளையாற் கொத்தணிக்குக் கொடுத்தல் வேண்டும். இரண்டுக்கும் வேறுபாடுண்டு. கிரியேட் கட்டளையை மறுமுறை இட்டால், அப்பெயருடைய வளம் முன்னரே உள்ளதெனக் கூறி மறுக்கும். அப்ளை கட்டளையோ இல்லாததை ஆக்கும். உள்ளதைக் கோப்புக்கேற்பத் திருத்தும். மாற்றம் இல்லையெனின் வாளா இருக்கும். ‘டிஃப்’ என்னும் கட்டளை, மாறப்போவது யாதென முன்னரே காட்டும். கற்பதற்குக் கட்டளை, காப்பதற்குக் கோப்பு என்பது நல்ல விதி.

எச்சரிக்கைகள் சிலவும் உள. நேம்ஸ்பேஸை அழிக்கும் கட்டளை அவ்வறையிலுள்ள வளங்கள் எல்லாவற்றையும் அழிக்கும். வழமையாக உறுதி கேட்பதுமில்லை. கடவுச்சொற்களை வைக்கும் சீக்ரெட் என்னும் வளத்திற் காணப்படும் குறியீடு மறைகுறியன்று. எவரும் எளிதில் மீட்டு வாசிக்கக்கூடிய எழுத்துமாற்றமே. அக்கடவுச்சொல்லைக் கட்டளைவரியிலேயே தட்டினால் அது கட்டளை வரலாற்றிலும் தங்கிவிடும். மேலும், வளங்களின் பெயர்கள் உரோமச் சிற்றெழுத்து, எண், சிறுகோடு முதலியவற்றாலேயே அமைதல் வேண்டும். தமிழ்ப் பெயர் ஏற்கப்படாது. ஆயினும் அனோட்டேஷன் என்னும் குறிப்பின் மதிப்பிலும், கொன்ஃபிக்மாப் என்னும் வளத்தின் உள்ளடக்கத்திலும் தமிழைத் தடையின்றி எழுதலாம். பின்வருவோர்க்கு வேண்டிய விளக்கத்தைத் தமிழிலேயே அங்குப் பதிந்து வைத்தல் நன்று.

இவற்றைப் பயிலப் பெருநிறுவனத்தின் கொத்தணி வேண்டியதில்லை. மினிகியூப் என்னும் இலவசக் கருவி ஒரே கணினியிற் சிறு கொத்தணியை அமைத்துத் தரும். இரண்டு செயலிக் கருக்களும், 2 ஜிகாபைட் வெற்று நினைவகமும், 20 ஜிகாபைட் வட்டிடமும் அதற்குப் போதும். இமேஜ்களை முதன்முறை இறக்குதற்கு நல்ல இணைப்பு வேண்டும். இறக்கியபின் இணைப்பின்றியும் பெரும்பகுதியைப் பயிலலாம். கட்டளைகளோ சில எழுத்துகளே. தொலைவிலுள்ள கொத்தணியைக்கூட மெலிந்த இணைப்பின்வழி ஆள அவை போதும். மலைநாட்டுப் பாடசாலைகளுக்கு இது சிறு நன்மையன்று.

தேயிலைப் பெட்டியின் புறத்தே பொறிக்கப்பட்ட சில சொற்களே, அதனைக் கட்டியவரை அறியாதவரும் அதனைச் சரியாகக் கையாள உதவின. கொத்தணியில் வளங்களை ஆக்குவோரும் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். கட்டளையை விரைந்து தட்டுதல் திறமை. தாம் ஆக்கியதைப் பிறர் மீள ஆக்கும் வண்ணம் எழுதிவைத்தலே கல்வி.